ஹெலன் பாஸ் பண்ணாத வாட்டர் பம்ப்

ஹெலனுக்கு எதுவும் பிடிக்காது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அவள் செக்கர். வரிசையாக வரும் ஷூக்களை எடுத்து, திருப்பி, வளைத்து, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பாள். பழுது இருக்கும் இடத்தில் ஒரு சின்னச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவிடுவாள். தையலில் ஒரு கண்ணி தவறியிருந்தால் அம்பு. மாடு உயிரோடு இருந்த காலத்தில் உண்ணி கடித்த தடம் தோலில் தெரிந்தால் அதற்கும் அம்பு. பழுதே இல்லாத ஜோடியாக இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டாள். அது பேசாமல் டப்பாவுக்குள் போகும். நல்லாயிருக்கு என்று ஒட்டுவதற்கு அந்தக் கம்பெனியில் ஸ்டிக்கரே அடிக்கவில்லை.

இந்தத் தொழில் புத்தி கம்பெனி கேட்டோடு நின்றிருந்தால் யாருக்கும் தொல்லையில்லை. அது அவளோடு பஸ் ஏறி வீட்டுக்கும் வந்தது. நாத்தனார் மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளையின் போட்டோவை வாங்கிப் பார்த்துவிட்டு, "இடது காது கொஞ்சம் எறங்கி இருக்கு" என்றாள். அந்தச் சம்பந்தம் முறிந்தது காதினால் அல்ல, ஆனால் நாத்தனார் இன்றுவரை காதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சர்ச்சில் பாட்டுக் குழு பாடினால் ஹெலன் முகத்தைப் பார்த்தே ஆர்மோனியக்காரருக்குச் சுருதி விலகும். ஆம்பூரில் பிறந்து வளர்ந்து, ஆம்பூர் பிரியாணியையே எண்ணெய் ஜாஸ்தி என்று ஒதுக்கிவைத்த பெண் அவள் ஒருத்திதான் இருப்பாள்.

அவளுடைய அப்பா பேரணாம்பட்டில் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலை செய்தவர். வாழ்நாள் முழுக்க "சரிங்க சாப்" என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து வேறு சொல் வந்து ஹெலன் கேட்டதில்லை. கூலி குறைந்தாலும் சரிங்க சாப், கை வெந்தாலும் சரிங்க சாப். பார்த்துப் பார்த்து அந்தச் சின்னப் பெண்ணுக்கு எரிச்சல் மண்டியது. தன் வாயிலிருந்து சரி என்ற சொல் லேசில் வராது என்று அப்போதே முடிவு கட்டிவிட்டாள். முடிவை இன்றுவரை காப்பாற்றியும் வருகிறாள்.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் ஜோசுவா. அவனுக்கு எதையும் வேண்டாம் என்று சொல்ல வராது. எவனாவது பேக்கரி போடலாம் என்றால் பேக்கரி போடுவான். தண்ணீர் கேன் போடலாம் என்றால் அதையும் போடுவான். எதைத் தொட்டாலும் பொறுப்பாகத் தொடங்கி, பொறுமையாகக் கெடுத்தான். கடைசியில் காட்பாடியில் ஒரு ஒர்க் ஷாப்பில் கற்றுக்கொண்ட பழைய வேலையே கைகொடுத்தது. ஆம்பூர் பைபாஸ் ஓரம் தகரக் கொட்டகை ஒன்று போட்டு மெக்கானிக்காக உட்கார்ந்தான். அது ஒன்றுதான் நிலைத்தது.

ஹெலன் லீவு நாட்களில் ஷெட்டுக்குச் சாப்பாடு எடுத்துப் போவாள். சாப்பாட்டோடு அபிப்பிராயமும் போகும். வண்டிக்காரர்களை வைத்துக்கொண்டே, "இந்த பிரேக் நிக்காது", "இந்த ஹாரன் நாளைக்கே ஊமை ஆயிடும்", "இது சீட் கவரா, சாக்குப் பையா?" என்று சொல்லிவிட்டு வருவாள். பிரேக் நின்றது, ஹாரனும் அடித்துக்கொண்டுதான் இருந்தது. வாடிக்கைக்காரர்கள் முதலில் பயந்தார்கள், பிறகு சிரித்தார்கள், பிறகு அவள் பேச்சை லாரிச் சத்தம்போல் கேட்டுப் பழகிவிட்டார்கள். அந்த ஷெட்டை அவளுக்குப் பிடித்திருந்தது என்பது வேறு விஷயம். காலையில் கம்பெனி பஸ்ஸில் ஷெட் தெரிகிற பக்கமாகப் பார்த்துத்தான் உட்காருவாள். அதை அவள் புருஷனிடம் சொன்னதில்லை. கேட்டால் அந்தப் பக்கம் வெயில் கம்மி என்பாள்.

ஷெட் இருந்த இடம் ஆபித் பாஷாவுடையது. தோல் ஷாப் முதலாளி. அந்த இடத்தில் ஒரு பிரியாணி ஓட்டல் வரப்போகிறது, ஷெட்டைக் காலி செய்ய வேண்டும் என்று ஜோசுவாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். ஹைவே ஓரம் கையகல இடம்கூட இனிக் கிடைக்காது. ஜோசுவா வழக்கம்போல "சரிங்க சாப்" என்று தலையாட்டிவிட்டு வந்தான். அன்று ஹெலனுக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. செத்துப்போன அப்பாவே எழுந்து வந்து வாசலில் நிற்பதுபோல் இருந்தது அவளுக்கு.

ஆபித் பாஷாவின் மகன் காஷிஃப். முப்பது வயது ஆகிறது, தோல் வியாபாரத்தில் மனம் ஒட்டவில்லை. பெங்களூரில் யாரோ தள்ளிவிடக் காத்திருந்த ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி வந்திருந்தான். சிவப்பு நிறம், இரண்டே சீட், கூரையைச் சுருட்டிப் பின்னால் வைத்துக்கொள்ளலாம். ஜப்பான்காரன் செய்தது. காஷிஃபைவிட ஒரு வயது மூத்தது. ஆம்பூர் வெயிலில் கூரையைத் திறந்துபோட்டு ஓட்டி, முகம் கருத்து, "காத்து சூப்பரா வருதுண்ணே" என்பான். ஆட்டோக்காரனுக்கு வராத காற்றா என்று ஹெலன் கேட்டாள்.

அந்தக் காரில் வாட்டர் பம்ப் போய்விட்டது. எஞ்சினைச் சுற்றித் தண்ணீரை ஓடவிட்டுச் சூடு ஏறாமல் பார்த்துக்கொள்வது அதுதான். வயதான பம்ப், பேரிங் தேய்ந்து கரகரவென்று இருமியது, கீழே பச்சையாகக் கூலன்ட் தண்ணீரைச் சொட்டியது. காஷிஃப் அலைந்து திரிந்து புது பம்ப் ஒன்றை வெளிநாட்டிலிருந்து தருவித்தான். பாஷா குடும்பம் அந்த ஞாயிற்றுக்கிழமை ஏலகிரி மலையில் தங்கள் கெஸ்ட் ஹவுசில் கூடுவதாக ஏற்பாடு. காரில்தான் வருவேன் என்று மகன் சொன்னதும் அப்பா விழுந்து விழுந்து சிரித்தாராம்.

"அந்த டப்பா தன் கால்ல மலை ஏறி வந்துச்சுன்னா, ஒன் மெக்கானிக்க அந்த எடத்துலயே இருந்துக்கச் சொல்லு. ஓட்டலை வேற பக்கம் வச்சுக்கறேன். கயிறு கட்டி இழுத்துட்டு வந்தீன்னா, ஷெட்டு அடுத்த நாளே காலி."

பாஷா வாக்குக் கொடுத்தால் மாற மாட்டார். அந்த ஒரு நல்ல குணத்தை வைத்துத்தான் அவர் இத்தனை பேரை மிரட்டிக்கொண்டிருந்தார். ஆக, ஜோசுவாவின் ஷெட் இப்போது ஒரு வாட்டர் பம்ப்பின் மேல் நின்றது.

சனிக்கிழமை பகல் முழுக்க ஜோசுவா அந்த வேலையைச் செய்தான். பெல்ட்டைக் கழற்றி, பழைய பம்ப்பை எடுத்து, புதியதை மாட்டினான். சாயங்காலம் வண்டியை ஒரு டீ குடிக்கும் நேரம் ஓடவிட்டுப் பார்த்தான். ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஞாயிறு காலை காஷிஃப் வந்து வண்டியை எடுத்துப் போனான். ஜோசுவா வீட்டுக்கு வந்து, டூல்ஸ் பையைத் திண்டில் வைத்துவிட்டு, ஊரை ஜெயித்தவன் மாதிரி இட்லி சாப்பிட உட்கார்ந்தான்.

ஹெலன் சர்ச்சிலிருந்து வந்தாள். அன்றைய பிரசங்கம் நீளம் என்று சொல்லிக்கொண்டே வந்தவளின் மூக்கு சட்டென்று நின்றது. டூல்ஸ் பையிலிருந்து அவளுக்குத் தூக்கத்திலும் தெரிகிற வாசனை வந்தது. பையைத் திறந்தாள். உள்ளே சொல்யூஷன் டின்.

சொல்யூஷன் என்றால் ஷூவுக்குச் சோல் ஒட்டுகிற மஞ்சள் பசை. ஆம்பூரில் அது இல்லாத வீடு அபூர்வம். கம்பெனியில் டின்னின் அடியில் தங்குகிற மிச்சம் எப்படியோ வீடுகளுக்கு வந்து சேரும். அறுந்த செருப்பு, விரிந்த பக்கெட், ஆடுகிற நாற்காலி, பைபிளின் அட்டை எல்லாவற்றையும் இந்த ஊர் அதை வைத்துத்தான் ஒட்டுகிறது. அயல்நாட்டான் மழையிலும் பனியிலும் மிதித்து நடக்கிற ஷூவையே பிடித்து வைத்திருக்கிற பசை, நம் வீட்டு பக்கெட்டைப் பிடிக்காதா என்று ஒரு பெருமை. அதில் ஊருக்கே தலைக்கனம்.

"இன்னாங்க இது?"

"சொல்யூஷன்மா."

"கண்ணு தெரியுது எனக்கு. டூல்ஸ் பையில இன்னாத்துக்கு?"

ஜோசுவா சட்னியைத் தொட்டுக்கொண்டே சொன்னான். "பம்ப்போட ஒரு பேக்கிங் குடுத்திருந்தான். பேப்பர் மாதிரி இருந்துச்சு, பிரிக்கும்போதே கிழிஞ்சிடுச்சு. வேற வாங்கலாம்னா வெளிய போவணும். அதான் ரெண்டு பக்கமும் சொல்யூஷன் தடவி ஒட்டிட்டேன். காஞ்சி கல்லு மாதிரி ஆயிட்ச்சு. பம்ப்பே பேந்தாலும் பேக்கிங் பேராது."

பேக்கிங் என்பது பம்ப்புக்கும் எஞ்சினுக்கும் நடுவில் தண்ணீர் கசியாமல் வைக்கும் மெல்லிய தாள். ஹெலன் தலையில் அடித்துக்கொண்டாள். அது வழக்கமான அடிதான். ஆனால் அடித்த கை அப்படியே தலையில் நின்றுவிட்டது.

"எங்க கம்பெனில சோல் எப்டி ஒட்றோம்னு தெரியுமா உங்களுக்கு? சொல்யூஷன் தடவிக் காய வச்சிடுவோம். காஞ்சதும் செத்த மாதிரி கெடக்கும். அப்புறம் ஹீட்டர்ல வுடுவோம். சூடு பட்டதும் அதுக்கு உசுரு வந்து கொழகொழன்னு ஆவும். அப்பதான் சோல வச்சு அமுக்குவோம். சூடு ஆறினாத்தான் அது புடிக்கும். எஞ்சின்ல எப்பங்க சூடு ஆறும்?"

ஜோசுவா ஒரு கணம் மெல்லுவதை நிறுத்தினான். பிறகு இட்லி உள்ளே போனது.

"ஓட வுட்டுப் பாத்தேன் ஹெலன். ஒழுவல."

"டீ குடிக்கிற நேரத்துல எந்த எஞ்சினுக்குச் சூடு ஏறும்? மலைல ஏறும்போது ஏறும் பாருங்க. நடுவழியில கொதிச்சு நிக்கும். அந்தப் பையன் கயிறு கட்டித்தான் மேல போவான். ஷெட்டு போச்சு."

"நிக்காது நிக்காதுன்னு நீ சொன்ன பிரேக்கு இன்னும் நின்னுகிட்டுதான் இருக்கு" என்றான் ஜோசுவா. குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் கொடுமை. "நான் செஞ்ச எதைத்தான் நீ பாஸ் பண்ண? பேக்கரில பன்னு சுட்டா வாசனை வரலன்ன. தண்ணி கேன் போட்டா தண்ணி பாரமா இருக்குன்ன. போம்மா, நல்லா வேலை செஞ்ச மனுசன ஒரு நாளாவது நிம்மதியா சாப்புட வுடு."

அவன் டி.வி. சத்தத்தைக் கூட்டினான். தான் சொன்னது சரி என்பதில் ஹெலனுக்குத் துளியும் சந்தேகமில்லை. ஆனால் அதைக் கேட்க அந்த வீட்டில் காது இல்லை.

போனை எடுத்து காஷிஃபுக்கு அடித்தாள். காற்றுச் சத்தத்துக்கு நடுவில் அவன் குரல் கத்தியது.

"சொல்லுங்கக்கா! வாணியம்பாடி தாண்டப் போறேன்! வண்டி பறக்குது!"

"தம்பி, வண்டிய மொதல்ல ஓரம் கட்டுப்பா. அந்தாளு பம்ப்ப சரியா மாட்டல. சொல்யூஷன் தடவி வச்சிருக்கு. சூட்டுல வுட்டுடும். அந்த வேலை வேலையே இல்ல."

மறுமுனையில் சிரிப்பு. உண்மையான, அன்பான சிரிப்பு. அந்தச் சிரிப்பை அப்படியே ஓங்கி அறையலாம் போலிருந்தது அவளுக்கு.

"அக்கா, அண்ணன் செஞ்ச வேலைய என்னிக்கு நீங்க நல்லா இருக்குன்னு சொல்லி இருக்கீங்க? ஹாரன் ஊமையாயிடும்னீங்க, இப்ப கேளுங்க!" ஹாரனை நீளமாக அடித்துக் காட்டினான். "அண்ணன பேஜார் பண்ணாதீங்கக்கா. மேல போய் போன் பண்றேன்." வைத்துவிட்டான்.

ஹெலன் போனைப் பார்த்தபடி பின்கட்டில் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். வாழ்நாளில் முதல் தடவையாக, ஒரு பெரிய பழுதைக் கையில் வைத்துக்கொண்டு, அதை ஒட்ட இடமில்லாமல் இருந்தாள். திட்டினால் எடுபடவில்லை. அடுத்தவர்கள் வீட்டில் பெண்டாட்டிகள் எப்படிக் காரியம் சாதிக்கிறார்கள் என்று யோசித்தாள். புருஷனைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறார்கள். "எங்க வீட்டுக்காரர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் அவளுக்குக் குமட்டும். ஆனால் அவர்கள் பேச்சு எடுபடுகிறது. சரி, ஒரு தடவைதானே என்று தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி அடித்தாள். சின்ன வயதில் பேதி மாத்திரை விழுங்கியபோது வைத்துக்கொண்ட அதே முகம்.

"தம்பி. ஒங்க அண்ணன் மாதிரி ஒரு மெக்கானிக் இந்த ஜில்லாவுலயே கெடையாதுப்பா. அவரு கை வச்சா அது தங்கம். எவ்ளோ பொறுமை, எவ்ளோ நல்ல மனசு. அவரு சொல்றாரு, வண்டிய அடிவாரத்துல நிறுத்தி வச்சா, ஒரு சின்ன வேலை..."

காற்றுச் சத்தம் நின்றுபோனது. பிரேக் கிறீச்சிட்டது. பிறகு காஷிஃபின் குரல், மிகவும் தணிந்து:

"அக்கா... அண்ணனுக்கு இன்னா ஆச்சு?"

"இன்னா ஆச்சுன்னா?"

"அழாதீங்கக்கா. எப்ப ஆச்சு? இப்பதான பேசினீங்க. எந்த ஆஸ்பத்திரி? நான் இப்பவே திரும்பி வர்றேன்."

செத்தவர்களைத்தான் நம் ஊரில் இப்படிப் பேசுவார்கள் என்பது ஹெலனுக்கு அப்போதுதான் உறைத்தது. "அட, உயிரோடதான்யா இருக்காரு!" என்று கத்தினாள். "இட்லி துன்னுகிட்டு இருக்காரு!"

திரும்பினாள். வாசற்படியில் ஜோசுவா நின்றுகொண்டிருந்தான். கையில் சாப்பிட்ட எச்சில் காய்ந்திருந்தது. முகம் வெளுத்திருந்தது. அவள் பேசியது முழுவதையும் கேட்டிருக்கிறான்.

"நிஜமாவே ஒழுவுமா ஹெலன்?" என்றான்.

அவள் சூட்டைச் சொன்னபோதும், ஹீட்டரைச் சொன்னபோதும் நம்பாதவன் இப்போது நம்பிவிட்டான். அவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஹெலன் தன்னைப் புகழ்கிறாள் என்றால் எங்கோ தீப்பிடித்திருக்க வேண்டும், அவ்வளவுதான் அவன் கணக்கு. கையைக் கழுவினான், காஷிஃபுக்குப் போன் போட்டு அடிவாரத்திலேயே நிற்கச் சொன்னான், சட்டையை மாட்டினான், பையைத் தூக்கினான். தான் வாய் திறந்து நல்ல வார்த்தை பேசியதும் இரண்டு ஆம்பளைகளும் நடுங்கிப்போனதை நினைத்து ஹெலனுக்கு அவமானமாக இருந்தது. அவர்கள் மேல் ஆத்திரமாகவும் இருந்தது. ஆத்திரம்தான் பழக்கம் என்பதால் அதையே பிடித்துக்கொண்டு வண்டியில் பின்னால் ஏறினாள்.

டி.வி.எஸ். வண்டியில் வாணியம்பாடி போனார்கள். அங்கே வெள்ளிக்கிழமை மூடிவிட்டு ஞாயிற்றுக்கிழமை திறக்கிற ஸ்பேர்ஸ் கடைகள் உண்டு. ஒன்றில் மெல்லிய பேக்கிங் ஷீட்டும் ஒரு கேன் கூலன்ட்டும் வாங்கினார்கள். "நேத்தே இங்க வந்திருந்தா இன்னா?" என்று ஹெலன் கேட்டாள். ஜோசுவா கேனைத் தூக்கி வண்டியில் மாட்டினான்.

மலை அடிவாரத்தில் ஒரு புளியமரத்தின் கீழ் சிவப்புக் கார் நின்றது. காஷிஃப் அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தரையில் பச்சையாக ஈரம் பரவியிருந்தது. சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டிவிட்டதாம். இன்னும் நாலு வளைவு ஏறியிருந்தால் நடுமலையில் கொதித்திருக்கும்.

"தப்பு என்னுது தம்பி" என்றான் ஜோசுவா. மூடி மறைக்கத் தெரியாதவன். "சொல்யூஷன் போட்டு ஒட்டிட்டேன். இப்ப சரி பண்றேன்."

காஷிஃபின் முகம் விழுந்துவிட்டது. "அப்பா ரெண்டு வாட்டி போன் பண்ணிட்டாருண்ணே. கயிறு அனுப்பட்டுமான்னு கேட்டு சிரிக்கிறாரு."

எஞ்சின் ஆறும்வரை காத்திருந்தார்கள். பிறகு ஜோசுவா பம்ப்பைக் கழற்றினான். பழைய பேக்கிங் பரோட்டா மாவு மாதிரி இழுபட்டுக்கொண்டு வந்தது. ஹெலன் அதைச் சுட்டிக் காட்டினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அதன் பிறகு நடந்ததை அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். எங்கே தவறுவான் என்று பார்ப்பதற்காகத்தான் உட்கார்ந்தாள். அவன் பிளேடை வைத்து இரண்டு முகங்களிலும் ஒட்டியிருந்த பசையை இழை இழையாகச் சுரண்டினான். விரலால் தடவிப் பார்த்து மறுபடி சுரண்டினான். ஷீட்டைப் பம்ப்பின் முகத்தில் வைத்து, விளிம்பைச் சுற்றிச் சின்னச் சுத்தியலால் டொக் டொக் என்று தட்டினான். இரும்பின் விளிம்பே தாளை வெட்டிக்கொடுத்தது. போல்ட் ஓட்டைகளைத் தோல் பெல்ட்டுக்குத் துளை போடுகிற உளியால் குத்தினான். எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். எதிரும் புதிருமாக போல்ட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினான். அவசரமே படவில்லை. ஹெலன் முன்னால் குனிந்தாள், பின்னால் போய்ப் பார்த்தாள், எங்கும் ஒன்றும் அகப்படவில்லை. அவளுக்கு அது என்னவோ போலிருந்தது.

கூலன்ட்டை ஊற்றி வண்டியை ஓடவிட்டார்கள். இந்தத் தடவை டீ குடிக்கும் நேரம் இல்லை. ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கி, நின்று, மறுபடி சுற்றும் அளவுக்குச் சூடேற விட்டார்கள். காஷிஃப் ஆக்சிலேட்டரை மிதித்துப் பிடித்தான். பம்ப்பின் கீழே பேப்பரை விரித்து வைத்துப் பார்த்தார்கள். காய்ந்த பேப்பர் காய்ந்தபடியே இருந்தது.

ஆனால் காஷிஃப் ஏறி உட்காரவில்லை. ஒரு தடவை பட்டவன். மலையைப் பார்த்தான், பம்ப்பைப் பார்த்தான், ஜோசுவாவைப் பார்த்தான்.

"வேணாம்ணே. ஒரு டாக்ஸி புடிச்சுப் போயிடறேன். நடுவுல நின்னா அவங்க எல்லாரும்..." என்று இழுத்தான். பிறகு ஹெலன் பக்கம் திரும்பினான். "அக்கா, நீங்க பாருங்க. நீங்க சொல்லுங்க. ஏறலாமா?"

ஹெலன் குனிந்து எல்லாவற்றையும் பார்த்தாள். விரலை விட்டு விளிம்பைச் சுற்றித் தடவினாள். காய்ந்த, சுத்தமான விளிம்பு. இவ்வளவு ஒழுங்கான வேலையைக் கம்பெனியில்கூட அவள் அதிகம் பார்த்ததில்லை. நெஞ்சுக்குள் ஏதோ நிரம்பி மேலே வந்தது. நல்லாயிருக்கு என்று சொல்ல வாயெடுத்தாள். காஷிஃப் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். காலையில் புகழ்ச்சியைக் கேட்டே பதறியவன், அந்தச் சொல் வெளியே வந்தால் அடுத்த நிமிஷம் டாக்ஸிக்குப் போன் போடுவான், ஷெட் கைவிட்டுப் போகும் என்பது அவளுக்குத் தெரிந்தது. வந்ததை விழுங்கினாள்.

"இது ஒரு வேலையா?" என்றாள். "பெயின்ட்ட கீறி வச்சிருக்காரு பாரு. எஞ்சின் பூரா எண்ணெய்க் கை. போல்ட்டு ஒவ்வொண்ணும் ஒரு தெசைய பாக்குது. பாக்கவே சகிக்கல. கண்றாவி."

காஷிஃபின் தோள்களில் இருந்த விறைப்பு இறங்கியது. முகம் முழுக்கச் சிரிப்பு வந்தது. "அப்ப ஓகே" என்றான். கதவைக்கூடத் திறக்காமல் தாண்டி உட்கார்ந்தான். சிவப்புக் கார் முதல் வளைவில் உறுமிக்கொண்டு மறைந்தது.

ஜோசுவா கீழே கிடந்த ஸ்பானர்களைப் பொறுக்கிப் பையில் போட்டான். அவள் பக்கம் பார்க்காமல் கேட்டான். "அவ்ளோ கேவலமாவா இருந்துச்சு?"

இனி சொன்னால் என்ன என்று ஹெலனுக்குத் தோன்றியது. கார் போய்விட்டது, கேட்க வேறு யாரும் இல்லை. வெட்கமாக இருந்தாலும் சொன்னாள்.

"இல்லீங்க. ரொம்ப நல்லா இருந்துச்சு. ஒரு கொறை சொல்ல முடியல."

ஸ்பானர் அவன் கையிலிருந்து நழுவி விழுந்தது. "ஐயையோ" என்றான். மலையை அண்ணாந்து பார்த்தான். "எங்க? எங்க ஒழுவுது? அப்பவே சொல்றதுக்கு இன்னா?" டி.வி.எஸ்.ஸை உதைத்துக் கிளப்பினான். "ஏறு, ஏறு!"

வளைவுக்கு வளைவு அவள் அவன் காதில் கத்திக்கொண்டே போனாள். "நெஜமாத்தாங்க சொல்றேன்! நல்லாத்தான் செஞ்சீங்க! கர்த்தர் மேல ஆணையா!" அவள் சொல்லச் சொல்ல அவன் வண்டியை இன்னும் முறுக்கினான்.

மேலே கெஸ்ட் ஹவுஸ் வாசலில் சிவப்புக் கார் நின்றிருந்தது. சொந்தக் காலில்தான் வந்திருந்தது. ஆபித் பாஷா கையில் டீ கிளாசோடு அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். ஒரு பக்கம் காஷிஃப் மிதப்பாக நின்றான். டி.வி.எஸ். நிற்பதற்கு முன்பே ஜோசுவா குதித்து ஓடி, யாரையும் பார்க்காமல், காருக்கு அடியில் புகுந்துவிட்டான். வெளியே இரண்டு கால்கள்தான் தெரிந்தன.

பாஷா அந்தக் கால்களைப் பார்த்துச் சொன்னார். "வந்துட்ச்சுப்பா. வாக்குன்னா வாக்கு. ஷெட்டு ஒனக்குத்தான். எழுந்திரு."

"இருங்க சாப்" என்றது காருக்கு அடியிலிருந்து ஜோசுவாவின் குரல். "என் பொண்டாட்டி நல்லா இருக்குன்னு சொல்லிட்டா. எங்கன்னு பாத்துட்டு வர்றேன்."

எல்லோரும் சிரித்தார்கள். பாஷாவுக்குச் சிரித்ததில் டீ சிந்தியது. ஹெலன் சாயப்போன டி.வி.எஸ்.ஸைப் பிடித்து ஸ்டாண்டு போட்டு நிறுத்தினாள். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கார் பக்கமாகப் போய்க் குனிந்து, அந்தாளை ஓங்கித் திட்ட ஆரம்பித்தாள். அவன் உடனே வெளியே வந்தான்.